வீட்டிலே ஒரு திரை அச்சு



தொழிலின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், குழந்தைகள் தமிழ் பேசுவார்கள். எழுதச் சொன்னால் தயங்குவார்கள். பள்ளியில் அவர்கள் பயில்வது வேறு எழுத்து. ஆதலால் தாய்மொழி நாவோடு நின்றுவிடுகிறது; கைக்கு வருவதில்லை. இக்குறையை ஓரளவேனும் போக்கவல்ல கைத்தொழில் ஒன்று உண்டு. அதுவே திரை அச்சு. கடைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்பார்கள்.

மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் 1907-இல் பட்டுத்திரை அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டுக்குப் பதிலாக இன்று பாலியெஸ்டர் வலைத்துணியே பெரிதும் பயன்படுகிறது.

பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றை அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். மரச்சட்டம் ஒன்றில் வலைத்துணியை மத்தளத்தோல் போல இறுக்கிக் கட்டுங்கள். மெல்லிய தாளில் குழந்தை ஒரு கோலம் வரைந்து, அதன் கீழே ‘பொங்கல்’ என்று பெரிதாக எழுதட்டும். பெரியவர் ஒருவர் கோட்டையும் எழுத்தையும் கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிய தாளை அட்டையின்மேல் பரப்பி, சட்டத்தை அதன்மேல் வையுங்கள். நீரில் கழுவக்கூடிய மையைத் திரையின் ஒரு முனையில் ஊற்றி, ரப்பர் விளிம்புள்ள பலகையால் ஒரே சீராக இழுத்தால், மை திறந்த வழியே இறங்கிப் பதியும்.

இம்முறையில் நமக்கு இரண்டு நன்மைகள் உண்டு. மரக்கட்டை அச்சில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். இதில் குழந்தை எழுதியது எழுதியவாறே விழும். மேலும், தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. வெட்டும்போது சுழியின் உட்பகுதி தனித் துண்டாக விழுந்துவிடும். அதனை உரிய இடத்தில் வைத்து மை இழுத்தால், ஈரமே அதை வலையோடு ஒட்டிவிடும். தாங்குவதற்கு வேறு இணைப்பு வேண்டுவதில்லை.

ஒருவர் சட்டத்தை அழுத்திப் பிடிக்க, ஒருவர் மை இழுக்க, மற்றொருவர் அட்டைகளைக் கொடியில் உலர்த்தலாம். முதற்பிரதி மங்கலாக விழுந்தால் மனம் தளர வேண்டாம். இரண்டாவது நிறம் வேண்டுமாயின் வேறு தாள் வெட்டி, முதல் நிறம் உலர்ந்தபின் இடுங்கள். வேலை முடிந்தவுடன் திரையைக் கழுவிவிடுங்கள். வலையில் மை உலர்ந்தால் கண்கள் அடைபட்டுப்போம்.

அச்சான அட்டைகளை ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் குழந்தை தன் பெயரைத் தமிழிலே எழுதட்டும்.