கடனிலிருந்து கரையேறுவோம்

(தோட்டக் குடும்பங்களின் யாழ்ப்பாண யாத்திரையின்போது, கீரிமலை மடம் ஒன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையிலே கேணியில் முழுகியாச்சு. நகுலேஸ்வரத்தில் கும்பிட்டாச்சு. சாப்பாடு வர இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம். அதற்குள் ஒரு விஷயம் பேசிக்கொள்வோம்.

நேற்று இரவு பஸ்ஸிலே ஒரு அம்மா நம்மிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இந்தப் பயணத்துக்கும் வட்டிக்குத்தான் வாங்கிக்கிட்டு வந்தேன்." அவர் யார் என்று சொல்ல மாட்டோம். அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கேணியைப் பார்த்தீர்கள்தானே? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணீர். இது ஆடி மாதம், வெளியே தரை காய்ந்து கிடக்குது. ஆனாலும் ஊற்று ஓடுது. மாரி காலத்தில் பெய்கிற மழையை இந்தச் சுண்ணாம்புக்கல் நிலம் உள்ளே இறக்கி வைத்துக்கொள்கிறது. வந்ததை எல்லாம் வந்த அன்றே கடலுக்கு விட்டிருந்தால் இன்று நாம் முழுகியிருக்க முடியாது.

கடன் நமக்குப் புதிது இல்லை. நம் பாட்டன் பூட்டன் அக்கரையிலிருந்து வந்த செலவே அவர்கள் தலையில் கடனாக ஏறியது. அதை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பேர். துண்டைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். அன்று கங்காணி எழுதினார். இன்று நாமே கையெழுத்துப் போட்டு நமக்குத் துண்டு எழுதிக்கொள்கிறோம்.

இந்தப் பக்கத்துச் சனங்களும் பட்டவர்கள்தான். 1990இல் கீரிமலையை விட்டு இடம்பெயர்ந்து, எத்தனையோ வருஷம் கழித்துத்தான் திரும்பினார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு, வடக்கிலே கிராமம் கிராமமாகக் கம்பனிகள் வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிற நிலை வந்தது. 2018இல் அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிக் கட்ட முடியாமல் நின்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அதே வருஷக் கடைசியில் மத்திய வங்கியும் தன்னிடம் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு வருஷ வட்டி 35 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லை போட்டது.

வட்டி எப்படி ஏறுது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 50,000 ரூபா வாங்குகிறோம். கிழமைக்கு 1,500 ரூபா, 48 கிழமை. மொத்தம் 72,000 ரூபா கட்டுகிறோம். 22,000தானே மேலதிகம் என்று தோணும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். 50,000 ரூபா முழு வருஷமும் நம் கையில் இல்லை. சரியாகக் கணக்குப் பார்த்தால் வருஷ வட்டி 80 வீதத்துக்கும் மேலே நிற்கும்.

நம் வீட்டிலும் இது நடந்தது. தவணைக்கு டிவி எடுத்தோம். தவணை கட்ட முடியாமல் சங்கிலியை அடகு வைத்தோம். அடகு வட்டி கட்டக் கைமாற்று வாங்கினோம். வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் சங்கிலி ஏலத்தில் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியிருப்போமே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் நம்மிடம் பதில் இல்லை.

அதனால் முதல் வேலை, மறைக்காமல் எழுதுவது. ஒரு பாடசாலைக் கொப்பி போதும். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று எல்லாக் கடனையும் எழுதுங்க. கடைப் பற்றையும் எழுதுங்க. தீபாவளி முற்பணத்தையும் எழுதுங்க. அது போனஸ் இல்லை, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிற கடன். பிள்ளைகள் படித்தவர்கள், அவர்களை எழுதச் சொல்லுங்க.

இரண்டாவது, ஒரு மாதச் செலவை அப்படியே எழுதுங்க. வெற்றிலை, சாராயம், போன் காட் எல்லாம் வரட்டும். யாரையும் திட்டுவதற்கு இல்லை. காசு எந்த ஓட்டை வழியாகப் போகுது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டிய அளவைக் கட்டிவிட்டு, மிஞ்சுகிற காசை வட்டி கூடின கடனுக்கே போடுங்க. அது தீர்ந்ததும் அந்தத் தவணைக் காசை அடுத்த கடனுக்குத் திருப்புங்க. ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தாண்டும் முன்பே போய்ப் பேசுங்க. கட்டின காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

நான்காவது, கடன் இருக்கும்போதே கொஞ்சம் சேமிக்க வேண்டும். "கடனே கட்ட முடியல்ல, சேமிக்கிறதா?" என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் வேன் கூலிக்கு எங்கே போவீர்கள்? மறுபடியும் வட்டிக்காரரிடம்தானே! அந்த வழியை அடைப்பதற்குத்தான் மாதம் 500 ரூபா. சம்பளம் வந்த அன்றே, கடைக்குப் போகும் முன்பே எடுத்து, தபாற்கந்தோரிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போட்டுவிடுங்க. அதுதான் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற சுவர்.

பே சீட்டையும் பார்க்கப் பழகுங்க. ஈ.பி.எப். நம் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். ஈ.டி.எப். 3 வீதம், முழுவதும் தோட்டமே கட்ட வேண்டும். அது நம் வயதான காலத்துக்கு உள்ள ஊற்று.

தனியாகச் செய்வது கஷ்டம்தான். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911இலேயே சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சனங்கள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். டவுனில் உள்ள வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பேரில் நிற்பது. மூளாயில் ஒரு ஆஸ்பத்திரியையே கூட்டுறவில் நடத்தினார்கள். சின்னச் சின்னக் காசு சேர்ந்துதான் அத்தனையும் ஆச்சு. நம் லயத்திலே பத்துக் குடும்பம் சேர முடியாதா?

ஊருக்குத் திரும்பிய பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு வாங்க, உட்கார்ந்து எழுதுவோம். வெட்கப்பட வேண்டாம், நம் கொப்பியையும் கொண்டு வருவோம். அடுத்த யாத்திரைக்கு இன்றிலிருந்தே மாதா மாதம் சேர்ப்போம். அந்த அம்மாவும் நம்மோடு வர வேண்டும். திரும்பிப் போகும்போது யாருக்கும் வட்டி கட்ட வேண்டியது இருக்கக் கூடாது.

சாப்பாடு வந்துவிட்டது.