யார் கேட்கிறார்கள்? கம்பம் பள்ளத்தாக்கின் மலைக்குடிகளும் கருத்தாய்வும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு உரிய பெரியவர் பள்ளி ஆசிரியர். பாடம் நடத்துவது போக ஆசிரியர் தலையில் அரசு கட்டும் வேலைகளில் முதன்மையானது கணக்கெடுப்பு. அவரும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்தான். மலைக்குடி மக்களிடம் போய்க் கேள்வி கேட்பதைப் பற்றிப் பேசினால் அது அவர் பெயருக்குப் பொருந்தும் என்று நினைத்தேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் அருகே பளியன்குடி இருக்கிறது. சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அங்கிருந்துதான் மலையேறுவார்கள். அந்தக் கோயிலோடு சேர்ந்த சிலப்பதிகாரக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேரியாற்றங்கரையில் சேரன் செங்குட்டுவன் பரிவாரத்தோடு தங்கியிருக்கிறான். குன்றக் குறவர் மலைப்பொருள்களைச் சுமந்துவந்து காலடியில் வைத்துவிட்டு, வேங்கை மரத்தடியில் தாங்கள் கண்ட பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள். அவள் யார், என்ன நடந்தது என்று விளக்குகிறவர் உடனிருந்த புலவர் சாத்தனார். என்ன செய்வதென்று முடிவெடுக்கிறவன் அரசன். கண்ட காட்சியைச் சொன்ன குறவர் அதற்குப் பிறகு கதையில் முக்கியமில்லாதவர்களாகிவிடுகிறார்கள். தமிழில் பதிவான முதல் கள அறிக்கை என்று இதை விளையாட்டாகச் சொல்வேன். சொல்கிறவர் ஒருவர், பொருள் உரைப்பவர் இன்னொருவர், பயன்படுத்திக்கொள்பவர் மூன்றாமவர். வாய் திறக்கும் முன்பே காணிக்கை வைத்தாக வேண்டும் என்ற நிலையும் அதில் இருக்கிறது.

இன்றைய மலைக்கு வருவோம். மோதல் நடக்கும் பழங்குடிப் பகுதி என்றதும் பஸ்தரும் ஜார்க்கண்டும் நம் நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 2007-ல் பெரியகுளத்தை அடுத்த முருகமலைக் காட்டில் மாவோயிஸ்டுகள் பிடிபட்டார்கள். மறு ஆண்டு கொடைக்கானல் மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். அதோடு சரி. ஆனால் சத்தம் போடாத மோதல் ஒன்று இங்கே நூறாண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. 1882-ன் சென்னை வனச் சட்டம் வந்தது, காட்டுக்கு எல்லைக்கல் நட்டார்கள். ஏலத்தோட்டங்கள் வந்தன. மேகமலை சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது; ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேலான பரப்பு. ஒவ்வொரு முறையும் உத்தரவு வருவதற்கு முன்னால் கையில் நோட்டோடு ஓர் ஆள் வந்திருப்பார். வீடு எத்தனை, ஆள் எத்தனை, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார். மலையில் கேள்வி என்பது பெரும்பாலும் ஏதோ ஒன்று பறிபோவதற்கு முன்னறிவிப்பு.

இந்த மலைகளின் பழங்குடிகளான பளியரை நெருங்கிப் படித்தவர்களில் அமெரிக்க மானுடவியலர் பீட்டர் கார்ட்னர் முக்கியமானவர். 1962 முதல் 1964 வரை அவர்களிடையே தங்கினார். 1966-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று கருத்தாய்வு செய்கிற எவரையும் தூங்கவிடாது. பளியர் சண்டையைத் தவிர்ப்பவர்கள். ஒருவர் இன்னொருவர் மேல் அதிகாரம் செலுத்துவதை விரும்பாதவர்கள். மனத்தாங்கல் வந்தால் வாதாடாமல் விலகிப் போய்விடுகிறவர்கள் என்கிறார். இன்னொன்றும் கவனித்தார். ஒரே செடிக்கு என்ன பெயர், ஒரு சடங்கை எப்படிச் செய்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதைப் பற்றி அவர்களுக்குள் கவலையும் இல்லை. பட்டறிவு அவரவருடையது. அதை ஊர்ப்பொதுவாக்கி ஒரே மாதிரி ஒப்பிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

இப்போது ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு குழு ஜீப்பில் வருகிறது. "இந்த ஊர்த் தலைவர் யார்? அவரைக் கூப்பிடுங்கள், மக்கள் கருத்து என்ன என்று கேட்போம்" என்கிறது. தலைவர் என்று யாரோ ஒருவரைக் காட்டுவார்கள். பெரும்பாலும் வனத்துறையோடும் தோட்டத்து முதலாளியோடும் பேசிப் பழகியவராக இருப்பார். அவர் சொல்வது அவர் கருத்து. மற்றவர்களுக்காக அவர் பேசுகிறார் என்று எழுதினால், அந்தச் சமூகத்தில் இல்லாத ஓர் அமைப்பை நாமே உண்டாக்கி, அதனிடமே பேட்டியும் எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று பொருள்.

கார்ட்னரின் ஒரு கூற்றோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பளியர் எப்போதும் குறைவாகப் பேசுபவர்கள், நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். யாரிடம் மௌனம் என்று கேட்க வேண்டாமா? வெள்ளைக்காரத் துரை எதிரில் அமைதியாக இருந்தவர், தேனெடுக்கப் போகும்போது மைத்துனனிடமும் அமைதியாகத்தான் இருந்தாரா? வெளியாள் முன்னால் பேசாமல் இருப்பது ஒரு தற்காப்பு. அதை இயல்பு என்று எழுதிவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடும்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். காரணம் பின்னால் வரும். போடி பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு மூதாட்டியிடம் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூதாட்டி சாக்கில் கல்பாசியைக் கொட்டி, மரப்பட்டைத் துணுக்குகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி ஒரு கல்லில் வேட்டைத்தடுப்புக் காவலர். பாதுகாப்புக்காகக் கூடவே அனுப்பப்பட்டவர், நல்ல மனிதர். "வனத்துறை ஆளுங்களால தொந்தரவு ஏதும் உண்டாம்மா?" என்று கேள்வி வந்ததும் மூதாட்டி தலை நிமிராமல், "அவுக எங்களுக்குச் சாமி மாதிரிங்க தாயி" என்றார். காவலர் சிரித்துவிட்டார். மாணவி "தொந்தரவு இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மூதாட்டி கேட்டார்: "இந்தத் தாளு எங்கிட்டுப் போகும் தாயி? பட்டா கிட்டா வருமா?"

கேள்வித்தாளில் இருந்த அத்தனை கேள்விகளையும்விட இது நல்ல கேள்வி. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறியது. தமிழ்நாட்டிலோ 2008-ல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைபட்டு, 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கும் வரை மனுக்கள் தேங்கிக் கிடந்தன. இடையில் வந்த தொண்டு நிறுவனம், கல்லூரி, வங்கி, ரேஷன் அட்டைக்காரர் எல்லாரும் ஏதோ ஒரு தாளில் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். எந்தத் தாள் எங்கே போகிறது என்று கீழேயிருந்து பார்க்கிறவருக்குப் பிரித்தறிய வழியில்லை. எல்லாத் தாளும் ஒரே அரசாங்கத்துக்குத்தான் போகிறது என்று அவர் நினைப்பதில் தவறு காண முடியாது.

இந்த இடத்தில் ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆய்வில் பங்குபெறுகிறவரிடம் முன்கூட்டியே விளக்கி, ஒப்புதல் பெற்று, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்க வேண்டும் என்று பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள் கேட்கின்றன. நோக்கம் நல்லது. ஆனால் எந்த மண்ணில் ரேகை கேட்கிறோம்? குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிரமலைக் கள்ளர் மேல் அது பாய்ந்தபோது மக்கள் வைத்த பெயர் கைரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள் மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்படப் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 ஆயிற்று. கள்ளர் பழங்குடிப் பட்டியலில் இல்லை, சீர்மரபினர். அவர்கள் கதை வேறு, பளியர் கதை வேறு. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் குடும்பங்கள் பரவியிருக்கின்றன, அந்த நினைவும் பரவியிருக்கிறது. மைப்பெட்டியை நீட்டி "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று இங்கே சொல்ல எனக்கு நா எழாது.

அதுமட்டுமல்ல, ரேகை வைத்த தாள் ஒன்று இருக்கும் வரை "பெயர் வெளியே வராது" என்ற வாக்குறுதி பொய். என்றைக்காவது யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆவணம் அது. பஸ்தரில் நீண்டகாலம் ஆய்வு செய்த தில்லிப் பேராசிரியர் நந்தினி சுந்தரின் பெயரையே 2016-ல் ஒரு கொலை வழக்கில் சேர்த்தார்கள், 2019-ல்தான் நீக்கினார்கள். பேராசிரியருக்கே அந்த நிலை என்றால் அவரிடம் பேசிய கிராமத்தாரை யார் காப்பாற்றுவது? வாய்மொழி ஒப்புதல் போதும். கேட்டவர் தன் கையெழுத்தைப் போட்டுப் பதிவு செய்யட்டும். பொறுப்பு கேட்பவருடையது.

ஊர்ப் பெயரை மறைத்ததற்கும் இதுதான் காரணம். நகரத்துக் கருத்துக்கணிப்பில் பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். இருபது, இருபத்தைந்து வீடுள்ள குடியிருப்பில் மறைய மாட்டார். "கைம்பெண், அறுபதுக்கு மேல், ஏலத்தோட்டக் கூலி" என்று அட்டவணையில் எழுதினால் அதில் வரும் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவர் யாரென்று கடைக்காரர், கங்காணி, காவலர் மூவருக்கும் தெரியும். சிறிய எண்ணிக்கை வரும் கட்டங்களைச் சேர்த்துவிட வேண்டும் அல்லது அச்சிடவே கூடாது. புள்ளியியல் துறைகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. நம் ஆய்வேடுகள்தான் ஊர்ப் பெயரை அட்டையில் போட்டு, உள்ளே வண்ணப் படமும் சேர்க்கின்றன.

"முழுமையாக உடன்படுகிறேன்" தொடங்கி ஐந்து படியில் பதில் வாங்கும் முறை லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932-ல் வகுத்தது. அதைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கேட்டவர் பேன்ட் போட்டிருந்தால் ஐந்து படியும் ஒரே படியாகிவிடும். எல்லாவற்றுக்கும் "ஆமாங்கய்யா" வரும். எதிர்மாறான இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் ஆமாம் வரும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை பேர் இரண்டுக்கும் ஆமாம் சொன்னார்கள், எத்தனை பேர் தெரியாது என்றார்கள், எத்தனை பேர் நாம் வருவது தெரிந்து காட்டுக்குள் போய்விட்டார்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். நான் இன்று சொல்ல வந்தது இதுதான். இதைக் குறை என்று மறைத்துக் கடைசி இணைப்பில் தள்ளுகிறோம். கேட்டவரைப் பற்றி அந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சொல்லும் ஒரே அட்டவணை அது.

வேறு முறையே இல்லையா என்றால் ஒடிசாவின் நியமகிரியைச் சொல்வார்கள். வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத் திட்டம் பற்றி 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கிராம சபைகளே முடிவு சொல்லட்டும். ஜூலை, ஆகஸ்டில் 12 ஊர்களில் சபை கூடியது. படிவமோ ஐந்து படியோ இல்லை. சுற்றிலும் ஆயுதக் காவல், நடுவில் மாவட்ட நீதிபதி. அந்த மலையின் பழங்குடிகளான டோங்ரியா கோந்தர் எழுந்து தம் மொழியில் பேசினார்கள். 12 சபைகளும் வேண்டாம் என்றன. சொல்லும் பதில், கேட்டவரைக் கட்டுப்படுத்தும் என்று முன்பே தெரிந்ததால் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

இதை அப்படியே வருசநாட்டுக்கோ போடி மலைக்கோ கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் கார்ட்னரை மறுபடி படிக்க வேண்டும். டோங்ரியா கோந்தருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான இயக்கம் இருந்தது. சபையில் எழுந்து நின்று மறுத்துப் பேசுவது பளியரின் வழக்கமல்ல, பிடிக்காதவர் வரமாட்டார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை, ஆகவே ஏகமனதாக நிறைவேறியது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது வெகு சுலபம். புலிகள் காப்பகத்திலிருந்து வெளியேற்றுவதற்கு மக்களின் விருப்பமும் விவரமறிந்த ஒப்புதலும் வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 2006 திருத்தம் சொல்கிறது. இங்கே அந்த ஒப்புதலை அளக்க நினைப்பவர் சபைக்கு வந்தவர்களை எண்ணுவதோடு நில்லாமல், வராத வீடுகளுக்குத் தனித்தனியே, காவலர் துணையில்லாமல், ஏல அறுவடையும் தேன் பருவமும் இல்லாத நாளாகப் பார்த்து நடக்க வேண்டியிருக்கும். செலவு பிடிக்கும். காலமும் பிடிக்கும்.

முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு மானுடவியலர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளரைப் பற்றி எழுதிய பெரும் நூல் 1957-ல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலத்துக்கு வரவே 1986 ஆயிற்று. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தங்களை ஆராய வருகிறவர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். நேர்மையாக இரு, மரியாதையாக நட, சொன்னதைச் செய், எழுதியதை எங்களுக்குக் காட்டு என்பதுதான் அதன் சாரம். நம் மலைகளில் அப்படி ஒன்று எழுதப்படும்போது முதல் வரியை அந்தக் கல்பாசி மூதாட்டி சொல்லட்டும்.

கடைசியாக நடைமுறைக் காரியம் ஒன்று. 2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. சாதியும் கேட்கப் போகிறார்கள். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் பளியரின் பெயர் மூன்று வித எழுத்துக்கூட்டலில், மூன்று தனித்தனி இனங்களாக இருக்கிறது. இன்னொரு மலைக்குடியான முதுவர் பெயரும் இரண்டு இடத்தில் வருகிறது. எழுதுகிறவர் எந்த வரியில் குறிக்கிறாரோ அந்த இனமாக ஒரு குடும்பம் ஆகிவிடும். அண்ணன் தம்பி இரண்டு இனமாகலாம். தேனியிலும் போடியிலும் உள்ள கல்லூரிகள், பத்தாம் வகுப்பு தாண்டிய பளிய, முதுவ இளைஞர்களை இப்போதே அடையாளம் கண்டு, கணக்கெடுப்பாளருக்குத் துணையாகச் செல்லப் பயிற்சி தரலாம். அதற்கான பயிற்சிச் செலவையும் பேருந்துக் கட்டணத்தையும் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி அறக்கட்டளைக் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருடம் சொற்பொழிவு இல்லாவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.