பின்வரிசை முகங்களும் தெரிய வேண்டும்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் புகைப்படக் கலைஞன் அல்ல. மூன்று ஆண்டுகளாகத் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வைத்துப் பழகிவருகிறேன், அவ்வளவுதான். ஆகவே ஒரே ஒரு செய்தியைத்தான் பேசப்போகிறேன். ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்பார்கள். புல ஆழம் என்று சொல்லிக்கொள்வோம். கேமராவுக்கு முன்னால் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை உள்ளவை படத்தில் தெளிவாக விழுகின்றன என்பதே அது.

ஆசிரியருக்கு இது எதற்கு? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக் குழுப் படம் எடுத்தார்கள். நாற்காலியில் இருந்த ஆசிரியர்கள் சட்டைப் பொத்தான் வரை தெளிவு. பெஞ்சின்மேல் நின்ற மூன்றாம் வரிசை மாணவர்கள் புகைபோல இருந்தார்கள். படத்தை வாங்கிப் பார்த்த ஒரு மாணவனின் அம்மா, “இதுல எம் புள்ள எது சார்?” என்று கேட்டார். அவர் கடலோரக் கிராமத்திலிருந்து வந்தவர். பல வீடுகளில் பள்ளிக்கால நினைவாக மாட்டியிருப்பது அந்த ஒரு படம்தான். உயரமான பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, தாமதமாக ஓடிவரும் பிள்ளை எல்லாரும் நிற்பது பின்வரிசையில்தானே!

ஏன் அப்படி விழுந்தது? லென்சுக்குள் ஒளி புகும் துளையைப் பெரிதாகத் திறந்து எடுத்தால் புல ஆழம் குறையும். துளையின் அளவை ‘எஃப்’ எண்ணால் குறிப்பார்கள். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். 50 மி.மீ. லென்சில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ.; எஃப் 16 என்றால் ஏறத்தாழ 3 மி.மீ. எண் கூடினால் துளை சுருங்கும். எனக்கு இது மனத்தில் பதியச் சில வாரங்கள் ஆயின. பின்னத்தின் பகுதி பெரிதானால் மதிப்பு சிறிதாகும் என்று ஆறாம் வகுப்பில் நாமே நடத்துகிறோம், அதே கதைதான்.

என்னுடையது போன்ற கேமராவில் 50 மி.மீ. லென்சை எஃப் 1.8-இல் திறந்து, 4 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், தெளிவு அரை மீட்டர்கூட வராது. முதல் வரிசையோடு சரி. அதே இடத்தில் 35 மி.மீ., எஃப் 8 என்று மாற்றுங்கள். சுமார் 2.6 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். மூன்று வரிசையும் அதற்குள் அடங்கும். ஃபோகஸை நடு வரிசை முகம் ஒன்றில் வையுங்கள்.

துளை, குவியத் தூரம், பொருளின் தூரம் ஆகிய மூன்றுமே புல ஆழத்தை மாற்றும். கிட்டே போகப்போக அது குறையும். 2 மீட்டரில் எஃப் 1.8 வைத்து ஒரு முகத்தை எடுத்தால் மூக்கு நுனியிலிருந்து காது வரைகூடப் பற்றாமல் போகலாம்.

அப்படியானால் எப்போதும் எஃப் 16 வைத்துவிடலாமே என்பீர்கள். எஃப் 8-இல் வரும் ஒளியில் கால் பங்குதான் எஃப் 16-இல் வரும். ஈடுகட்ட ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகள் அசைந்துவிடுவார்கள். நம்மூர் மாங்கனித் திருவிழாவில் இதை நன்றாகக் கற்கலாம். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள். துளையைச் சுருக்கினால் தெருவின் கடைசி வரை முகங்கள் தெரியும், ஆனால் பறக்கும் பழம் வெறும் மஞ்சள் கோடாகிவிடும். துளையைத் திறந்து ஷட்டரை வேகப்படுத்தினால் பழம் அந்தரத்தில் நிற்கும், கூட்டம் கரைந்துபோகும். எது வேண்டும் என்று எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி மங்கினால்தான் நல்ல படம் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. சினிமா போஸ்டர்களைப் பார்த்து வந்த பழக்கமோ என்னவோ! 1932-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் ஒரு குழுவைத் தொடங்கி, அதற்கு ‘எஃப் 64’ என்றே பெயர் வைத்தார்கள். பெரிய கேமராக்களில் மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண் அது. காலடிக் கூழாங்கல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒரே படத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பள்ளிப் படத்தைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான்.

கேமரா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். செல்போனின் சென்சார் மிகச் சிறியது, லென்சின் குவியத் தூரமும் குறைவு. அதனால் குழுப் படத்தில் எல்லா வரிசையும் தானாகவே தெளிவாக விழும். ‘போர்ட்ரெய்ட்’ முறையை மட்டும் அணைத்துவிடுங்கள். அது கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கலாக்குவது. பின்வரிசைப் பிள்ளைகளையும் பின்னணி என்று நினைத்துவிடும்.

பத்தாம் வகுப்பு லென்சுப் பாடத்துக்கும் இது உதவும். ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, கண்ணருகே வைத்துப் பொடி எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கு, கண்ணாடியைக் கழற்றிய பிறகும் எழுத்து தெரியும். தூரத்துப் பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்கும் மாணவன் செய்வதும் இதே வேலைதான். அவனைக் கண்டால் அதட்டாமல் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வெளியே வராந்தாவில் பத்து சாக்பீஸ் டப்பாக்களை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக வைத்திருக்கிறேன். கேமரா ஸ்டாண்டில் தயாராக இருக்கிறது. ஐந்தாவது டப்பாவில் ஃபோகஸ் வைத்து, எஃப் 2-இல் ஒன்று, எஃப் 5.6-இல் ஒன்று, எஃப் 16-இல் ஒன்று என மூன்று படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை டப்பாக்களின் எழுத்தைப் படிக்க முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்து பேராக வாருங்கள்.