ஒரு தாயின் செபமும் ஏழு மைந்தரும்

(யூபிலி ஆண்டில் அன்னையர் சங்கக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தாயின் செபத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நமக்குப் புனித மோனிக்கம்மாள் இருக்கிறார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 27-ஆம் நாள் அவரைப் பற்றிப் பேசி வருகிறோம். இந்த யூபிலி ஆண்டில் நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லலாமென்று எண்ணினோம். நாம் பேசப் போகும் அம்மையார் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். "யூபிலி மேடையிலே பிரிந்த சபைக்காரரைப் பற்றி ஏன் சாமி?" என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டும் விட்டார். பிரிந்த சகோதரரிடம் விளங்கும் கிறிஸ்தவ நலன்களை மகிழ்வோடு ஏற்றுப் போற்றும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு நவம்பரில் நமக்குச் சொல்லிவிட்டது. அதோடு, இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் பிறந்தது அல்லது பிழைத்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அதன் வேரைத் தேடிக்கொண்டே போனால், அது ஒரு தாய் முழந்தாளிட்ட இடத்தில் போய் நிற்கிறது.

அந்தத் தாயின் பெயர் ஹாரியட் ஸ்கடர். அமெரிக்க நாட்டவர். கணவர் ஜான் ஸ்கடர், நியூயார்க் நகரில் நல்ல வருமானமுள்ள மருத்துவர். ஒரு நாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்த வேளையில், வேதம் அறியாத நாடுகளைப் பற்றிய சிறு நூல் ஒன்று அவர் கையில் கிடைத்தது. வாசித்தார், உள்ளம் கலங்கிற்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். 'குழந்தை சிறியதாயிற்றே' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜானின் தந்தையோ கோபத்தில் மகனையே ஒதுக்கிவிட்டார். 1819-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் அவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார்கள். கையில் மரியா என்ற சிறு மகள்.

கப்பல் கல்கத்தாவை அடைந்தது. மரியா அங்கே இறந்து போனாள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பின் பிறந்த அடுத்த குழந்தையும் நிலைக்கவில்லை. தாய்மார்களே, ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தெரியாத ஊர், புரியாத மொழி. உறவினருக்கு ஒரு கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும் காலம். பெற்ற பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அதே மண்ணிலே உட்கார்ந்து தமிழ் எழுத்துக்களைப் படிக்கத் தொடங்கினார் அந்த அம்மையார். பண்டத்தரிப்பில் கணவர் மருத்துவம் பார்த்தார். இவர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். 1836-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது.

அவருடைய வழக்கம் ஒன்றைக் குடும்பத்தார் போற்றிச் சொல்லி வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்த நாளையும் அந்தப் பிள்ளைக்காகச் செபிக்கும் நாளாகவே வைத்திருந்தாராம். நாமெல்லாம் பிறந்த நாள் என்றால் கேக்கு வெட்டுவதோடும் புதுச்சட்டையோடும் முடித்துக்கொள்கிறோம். (கேக்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.) இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் அவர் மடியில் இருந்த காலம் கொஞ்சமே. அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். மூத்த மகன் ஹென்றி மார்ட்டினுக்கு அப்போது வயது பத்தளவுதான். ஆகவே பிறந்த நாளன்று அவர் செபித்தபோது, பல ஆண்டுகள் அந்தப் பிள்ளை எதிரே இல்லை. அடுத்து எப்போது காண்போம் என்பதும் தெரியாது.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஏழு மகன்கள் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். இன்னொரு மகன் சாமுவேல் படிப்புக் காலத்திலேயே இறந்து போனார். ஹாரியட் அம்மையார் 1849 நவம்பரில் சென்னையில் காலமானார். அவர் பெற்ற மைந்தர் ஹென்றி, வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் ஆர்க்காடு மிஷனை நிறுவியது அதற்குப் பின்பு, 1853-இல். மற்றொரு மகன் சைலஸ் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கியது 1866-இல். தாய் இவை ஒன்றையும் காணவில்லை. விதைத்ததை அறுக்காமலே போய்விட்டார்.

இளைய மகன் இரண்டாம் ஜான். இவர் 1861-இல் சோபியா வெல்டு என்ற பெண்ணை மணந்தார். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. ஆகையால் சண்டைக்கும் இடமில்லாமல் போயிற்று! ஆனால் மாமியார் பட்ட துயரம் மருமகளுக்கும் காத்திருந்தது. 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்த ஒரே மகள் ஐடாவைப் பதின்ம வயதில் அமெரிக்காவில் விட்டுவிட்டு, சோபியா கணவரிடம் திரும்ப வேண்டியதாயிற்று. தாய் புறப்பட்ட இரவு, மகள் தாயின் தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளை இப்படிப் பிரிக்கும் வழக்கத்தை நாம் புகழ வரவில்லை. அந்தக் காயம் ஆழமானது. தான் ஒருநாளும் மிஷனரி ஆவதில்லை என்று அந்தப் பெண் முடிவே செய்திருந்தாள்.

அப்புறம் நடந்ததை நம் ஊரில் யாவரும் அறிவர். தாய்க்கு உடல் நலமில்லை என்று ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக வந்து அழைத்தார்கள். பெண் மருத்துவர் இல்லை. ஆண் மருத்துவரை அவர்கள் அனுமதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900-இல் திரும்பினார். அதே ஆண்டில் தந்தை இறந்தார். 1902-இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இவையெல்லாம் கல்வெட்டுகளில் உள்ளன. கல்வெட்டில் இல்லாத ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மகளை விட்டுப் பிரிந்த சோபியா அம்மையார், விதவையான பின் ஊருக்குப் போய்விடாமல், 1925-இல் தாம் இறக்கும் வரை மகளோடு கூடவே இருந்தார். பிரிந்திருந்த ஆண்டுகளைவிடச் சேர்ந்திருந்த ஆண்டுகள் அதிகம். இதை அறிந்தபோது நம் மனம் சற்று ஆறிற்று.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறோம்? சென்ற ஆண்டு தேவ அழைத்தல் ஞாயிறன்று ஒரு தாய் நம்மிடம் வந்து, "ஒரே பிள்ளை சாமி. அவனையும் கொடுத்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறி, நாள் முழுதும் அப்பர் தைத்து, இருட்டிய பின் வீடு திரும்பி உலை வைக்கிறவர் அவர். அவரிடம் ஆபிரகாமைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையை அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. அழைப்பது ஆண்டவர் வேலை. ஆனால் பிள்ளை குருமடத்துக்குப் போனாலும், வளைகுடாவுக்குப் போனாலும், பக்கத்துத் தோல் ஷாப்புக்கே போனாலும், ஒரு நாள் வாசற்படியைத் தாண்டிப் போகத்தான் போகிறான். அன்று தாயின் கையில் என்ன மிஞ்சும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னோம். 'செபமாலை சொல்ல நேரமேது?' என்று கேட்கும் தாய்மாரை நாம் குறை சொல்வதற்கில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம் இருக்கிறதே என்று நினைவூட்டுகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த நாளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். தொலைவில் இருப்பவர்கள், பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், இறந்து போனவர்கள் பெயரையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். கோயிலில் ஒரு பெரிய பதிவேடு வைக்கிறோம். அந்தந்த நாள் காலைத் திருப்பலியில் அந்தப் பிள்ளையின் பெயரை வாசிப்போம். தாயும் வந்திருந்தால் நலம். எழுதத் தெரியாத தாய்மார் சங்கச் செயலாளரிடம் சொல்லி எழுதிக் கொள்ளலாம்.