கடனா? கடமையா?

பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவன். மனு வந்தால் எங்கள் முதல் கேள்வி, "பணம் எப்படிய்யா திரும்ப வரும்?" பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பணம் தேடும் ஏழை நாடுகளையும் இதே கேள்விதான் மடக்குகிறது. சூரிய மின் நிலையம் கட்டினால் கரன்ட் விற்றுத் தவணை கட்டலாம். புயல் காப்பிடம் எதை விற்கும்?

வங்கதேசத்தைப் பாருங்கள். அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, 1970 புயலில் மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். 1991-ல் சுமார் 1,38,000 பேர். 2007 சித்ர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். கடல் சாந்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முன்னெச்சரிக்கை, தொண்டர் படை, தூண்கள்மேல் எழுப்பிய காப்பிடங்கள், இவை செய்த வேலை அது. மற்ற நாளில் அதே கட்டடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்காக மண்மேடும் போட்டார்கள். (நம்ம ஊர்க்காரரும் அப்படித்தானே!)

உலகம் கக்கும் கரியமில வாயுவில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் காப்பிடங்களுக்காக 2014-ல் உலக வங்கி அதற்கு ஒதுக்கிய 37.5 கோடி டாலர் கடன்தான். வட்டி சொற்பம், சரி. அசலைக் கட்ட வேண்டாமா?

பணக்கார நாடுகள் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் சொல்லின. எட்டியதோ 2022-ல். அந்த ஆண்டுக் கணக்கு 11,590 கோடி; அதில் கரை காப்பது, காப்பிடம் கட்டுவது போன்ற தற்காப்புக்குப் போனது 3,240 கோடிதான். அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். வாக்குக் கொடுத்து இரண்டு வருஷம் இழுத்தடித்தவரை எங்கள் கிளையில் எப்படி அழைப்போம் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது!

2024-ல் பாக்கு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 30,000 கோடி டாலர் என்று இலக்கு வைத்தார்கள். தானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை. பொருளியல் மாணவர்களே, அந்தத் தீர்மானத்தைத் தேடிப் படியுங்கள். பந்தியில் என்னைப் பிடித்துக் கேள்வி கேளுங்கள். செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.