யாருக்காகச் சங்கம்?



லோஹேகாவ் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். விமானத் தளம் 1939-இல் வந்தது. மராத்தியப் பக்திக் கவி துக்காராமின் தாயார் பிறந்த ஊர் என்ற பெருமை அதைவிட மிகப் பழையது. 2017-இல் ஊரின் எஞ்சிய பகுதியும் புணே மாநகராட்சியில் சேர்ந்தது. அடுக்குமாடிகள் முந்திக்கொண்டன, குடிநீர்க் குழாய் பிந்திக்கொண்டது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் இடங்களில்தான் "நாமும் ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தால் என்ன?" என்ற பேச்சு பிறக்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் பெயர்ப்பலகை எழுதுமுன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: பலன் நமக்கா, பிறருக்கா?

வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்த வேறுபாட்டை இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவர். 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நாம் டி.யு.சி.எஸ். என்கிறோமே, அதேதான். அங்கே பணம் போடுபவரும் பலன் பெறுபவரும் உறுப்பினரே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1907-இல் அவர் புணேக்கு வந்து சேர்ந்த இந்திய ஊழியர் சங்கம் நேர் எதிரானது. கோபால கிருஷ்ண கோகலே அதை 1905 ஜூன் 12-இல் நிறுவியபோது உடன் உறுதிமொழி எடுத்தவர்களில் ஒருவர் நடேஷ் அப்பாஜி திராவிட். தனக்கென்று பொருள் தேட மாட்டேன், குடும்பத்துக்குச் சங்கம் தருவது போதும் என்பது அவர்கள் ஏற்ற விதிகளில் ஒன்று. புதிதாகச் சேர்பவருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி. கோகலே முதலில் தேடியது ஆட்களை. 1915-இல் அவர் மறைந்த பிறகு தலைமை சாஸ்திரியாருக்கு வந்தது. நிறுவியவர் போனபின்னும் சங்கம் நின்றது.

உங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கமே போதும். பக்கத்துக் கட்டுமானத் தளத்துத் தொழிலாளியின் பிள்ளைக்கு மாலைப் பாடம் சொல்லித்தர வேண்டுமென்றால், அப்போது பதிவுக்குப் போங்கள்.

தமிழ்நாட்டுப் பழக்கம் இங்கே மகாராஷ்டிரத்தில் செல்லாது. அங்கே 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். இங்கே 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டுச் சங்கமாகப் பதிந்தால் மட்டும் போதாது. 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் பதிய வேண்டும். இரண்டுக்கும் சாரிட்டி கமிஷனர் அலுவலகம்தான். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தனி வழி. ஆடிட்டர் செலவு தாங்குமானால் பாருங்கள்.

பலர் சறுக்குவது பதிவுக்குப் பிறகு. செயலாளர் மாறினால் 90 நாளுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். ஊர் மாறிப் போனவர் பெயரே பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் நின்றால், வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குள் உயிர் போய்விடும். அறக்கட்டளை நிலத்தை விற்க கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். நீங்களே வாங்கிக் கொடுத்த நிலமானாலும் அப்படித்தான். நிறுவியவருக்கோ அவர் உறவினருக்கோ ஆதாயம் போனால் அந்த அளவுக்கு வருமான வரிச் சலுகையும் பறிபோகும். கோகலே உறுதிமொழியாக வாங்கியதை இன்று சட்டம் கணக்குப் புத்தகத்தில் தேடுகிறது.

ஆகவே மாலைப் பாடத்தை ஓராண்டு பதிவில்லாமலே நடத்திப் பாருங்கள். நன்கொடை கேட்காதீர்கள், உங்கள் பணத்தைப் போட்டு, செலவை நோட்டில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேறு வேலை வந்தும் வகுப்புக்கு வந்தவர்கள் யார் என்று அப்போது தெரியும். அவர்களில் ஏழு பேர் தேறினால் விண்ணப்பம் வாங்குங்கள்.