விமானி ஆக நினைக்கும் பிள்ளைகளுக்கு: முதலில் ஏட்டுத் தேர்வு

(வியாசர்பாடியில் நடைபெற்ற கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மூன்று பிள்ளைகள் நம் அலுவலகத்துக்கு வந்து, பைலட் ஆக வேண்டும் என்றார்கள். அதில் ஒருவர் பெண் பிள்ளை. மூன்று பெற்றோரும் கேட்டது ஒரே கேள்வி: "ஹஜ்ரத், எவ்வளவு ஆகும்?" பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் 50 லட்சத்தை எடுத்து வைத்துவிட்டுப் பேச வேண்டிய படிப்பு இது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பணத்தில் முதல் ரூபாயை எதில் போடுவது?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டது நான்கூட அல்ல, இன்னொரு குடும்பம். சில வருடங்களுக்கு முன் நம் பகுதியில் ஒரு தகப்பனார், ஏஜெண்ட் ஒருவர் சொன்னதை நம்பி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மகனை வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். என்ன படிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வார்த்தை நான் விசாரிக்கவில்லை. பையன் 200 மணி நேரம் பறந்து, அந்த நாட்டு உரிமத்தோடு வந்து சேர்ந்தான். தெரு முழுக்க இனிப்பு கொடுத்தோம். பிறகுதான் தெரிந்தது, அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும் என்று. விமான விதிமுறைகள் ஒரு தாள். நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்து இன்னொரு தாள். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். விதிமுறையில் தேறிவிட்டான். மற்றதில் 61, அடுத்த முறை 66, அதற்கடுத்து 68. வட்டிக்காரன் தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பானா? வீடு போய்விட்டது.

அதனால் சொல்கிறேன். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே, வியாசர்பாடியில் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடியவை பல. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளாக இருந்துவரும் விதி. காமர்ஸ் படித்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம். அடுத்தது மருத்துவப் பரிசோதனை, முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதலாம் வகுப்பு. கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் நிறக்குருடு போன்ற ஒன்று இருந்தால் அது பணம் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டும். பிறகு டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர் வாங்கித் தேர்வு எழுதலாம். தாள்கள் விதிமுறைகள், நேவிகேஷன், வானிலை, டெக்னிகல் ஜெனரல், ஓட்டப்போகும் விமானத்தைப் பற்றிய டெக்னிகல் ஸ்பெசிஃபிக் ஆகியவை. வானொலித் தொடர்பு உரிமத்துக்குத் தனித் தேர்வு. அதில் வாயால் பேசிக் காட்டும் பகுதியும் உண்டு. பயிற்சி விமானத்தின் மொத்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தேர்வுகளின் செலவு ஒன்றுமே இல்லை.

படிப்பு எப்படி? ஹிஃப்ள் முடித்த பிள்ளைக்கு விதிமுறைத் தாள் பயமில்லை. அது மனப்பாடம், ஆர்.கே. பாலியின் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஓதினால் போதும். மற்ற இரண்டு அப்படி அல்ல. பழைய கேள்விகளை மட்டும் உருப்போட்டுப் போனதில்தான் நம் பையன் 68-ல் நின்றான். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் உருப்போட்டது உதவாது.

நேவிகேஷன் நமக்குப் புதிதா? மதரஸாவில் கிப்லா கணக்குப் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தட்டையான மெர்கேட்டர் வரைபடத்தில் சென்னையிலிருந்து மக்காவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். மேற்கிலிருந்து சுமார் 12 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். உருண்டை மாதிரியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 18 பாகை வரும். நம் கிப்லா இந்த 18தான். பூமி உருண்டை என்பதால் வரும் வித்தியாசம் இது. நூல் காட்டும் வழி கிரேட் சர்க்கிள், ஸ்கேல் காட்டும் வழி ரம்ப் லைன். நேவிகேஷன் புத்தகத்தில் பிள்ளைகள் திணறும் இடங்களில் இதுவும் ஒன்று. நான் பதினாறு வயதில் நூலும் ஆரஞ்சுப் பழமும் வைத்துக் கற்றது. 60 மைல் பறந்து 1 மைல் விலகியிருந்தால் திசையில் 1 பாகை பிழை என்பது இன்னொரு கணக்கு. அதை விரல் விட்டே போடலாம்.

வானிலையைப் பொறுத்தவரை வடசென்னைப் பிள்ளைகளுக்கு யாரும் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். எண்ணூர்ப் பக்கத்து வாடை வந்தால் காற்று எந்தத் திசை என்று நம் வீட்டுப் பெண்களே சொல்வார்கள். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையில் ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதியிருக்கும். 70 பாகை, 250 பாகை என்று அர்த்தம். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று அடித்தால் காற்றை எதிர்த்து 07 திசையில் இறங்குவார்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது நினைவிருக்கும். குளிர்ந்த அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டது போல நிற்கும். டயர் புகை அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். இதன் பெயர் இன்வெர்ஷன். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் நாம் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, விமான நிலையத்தையும் மூடியிருந்தார்கள். இப்படிப் பார்த்த பிறகு ஐ.சி. ஜோஷியின் வானிலைப் புத்தகத்தைத் திறந்தால் ஆங்கிலம் அவ்வளவு மிரட்டாது.

ஹைதராபாத் பழைய நகரத்தின் சையதா சல்வா ஃபாத்திமாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பேக்கரித் தொழிலாளியின் மகள். சியாசத் பத்திரிகை ஆசிரியர் ஜாஹித் அலி கான் கைகொடுக்க, 2007-ல் பயிற்சிக்குச் சேர்ந்தார். உரிமம் வாங்கிய பிறகும் பெரிய விமானத்துக்கான பயிற்சிப் பணத்துக்காகக் காத்திருந்தார்; பின்னர் தெலங்கானா அரசு உதவியது. இண்டிகோவில் சேரும்போது பன்னிரண்டு வருடங்கள்போல ஓடியிருந்தன. அந்த இடைவெளியில் அவர் கையில் இருந்தது படிப்பு ஒன்றுதான்.

நம் அறக்கட்டளையால் ஒரு பிள்ளைக்கு 50 லட்சம் தர இயலாது. தந்தாலும் சரியல்ல, எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அது. ஆனால் புத்தகம், தேர்வுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை மூன்றுக்கும் பொறுப்பேற்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. எல்லாத் தாளிலும் தேறி வந்தால், உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசுப் பயிற்சி நிலைய நுழைவுத் தேர்வு, வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் உடன் வருவோம். தேறும் முன் பரிந்துரைக் கடிதம் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம். பக்கத்துத் தெருத் தலித் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகையில் விமானி உரிமப் படிப்பும் சேர்ந்திருக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடி அறையில் வகுப்பு. உருண்டை வாங்கியாகிவிட்டது. பாடம் எடுக்கப்போவது அந்த 68 வாங்கிய பிள்ளைதான். நான் போய்க் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு சரி என்றார். வருகிற தேர்வை அவரும் எழுதுகிறார்.